ஆமையும் எருக்கும்

ஒரு குடும்பம் சீரழிந்து போவதைக் குறிப்பிடத் தமிழ் மக்கள் இரண்டு அடையாளங்களை வைத்திருக்கிறார்கள். ஒன்று ஆமை; மற்றொன்று எருக்கு. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா" என்பது பழமொழி. கடன்பட்டவன் வீட்டில் ஜப்தி செய்ய வரும் நீதிமன்றச் சேவகனுக்கு இணையாக, ஒரு பாவமும் அறியாத ஆமையை நிறுத்திவிட்டார்கள். அது போலவே, பாழடைந்த மனையைப் பற்றிப் பேசும்போது, "அங்கே எருக்கு முளைத்துவிட்டது" என்கிறோம். வாய்ச்சண்டை முற்றினால், "உன் வீட்டில் எருக்கு முளைக்க" என்று சாபமும் கொடுக்கிறோம்.

நான் தலைநகரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிகிறவன். விஞ்ஞானம் பயின்றவனல்லேன், இலக்கியம் பயின்று, சொற்களைக் கொண்டு பிழைப்பு நடத்துகிறவன். ஆகவே, மேற்கூறிய இரண்டு வழக்குகளையும் நெடுநாள் வரையில் நான் ஐயுற்றதே இல்லை. எருக்கைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணம் பிழை என்பதை என் கையால் செய்த ஒரு தவற்றினால் அறிந்தேன். ஆமையைப் பற்றிய எண்ணம் பிழை என்பதை ஓர் ஆற்றங்கரையில் நேரில் கண்டறிந்தேன். இவ்விரண்டையும், நம் நாட்டுப் பூச்சிகளையும் ஆமைகளையும் காப்பதற்காக வெயிலிலும் மணலிலும் நடந்து நாள்தோறும் கணக்கெடுக்கும் சிலருடைய தொண்டையும் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பூச்சியைப் பற்றி. இந்தச் சொல்லே நம் நாவில் எப்படி வழங்குகிறது, பாருங்கள். பூச்சிமருந்து என்கிறோம், பூச்சிக்கொல்லி என்கிறோம், பூச்சி அரித்த காய் என்கிறோம். அழுகிற குழந்தையை அடக்கவும் பூச்சி காட்டுகிறோம். என் மேசைக்கு வந்த தாள்களில் பூச்சிகளைப் பற்றிய செய்தி எதுவாயினும், அது பெரும்பாலும் அவற்றை ஒழிக்கும் முறையைப் பற்றியதாகவே இருந்தது. அவற்றை மொழிபெயர்த்து மொழிபெயர்த்து, பூச்சி என்பது ஒழிக்க வேண்டிய பொருள் என்னும் கருத்து எனக்கே தெரியாமல் என் உள்ளத்தில் ஊன்றிவிட்டது. "புதர்", "தரிசு" முதலிய சொற்களின் கதியும் இதுவே. அவற்றை எழுதும்போதெல்லாம் "அகற்றுக" என்னும் வினை தானாகவே வந்து பக்கத்தில் நின்றுகொள்ளும்.

எங்கள் குடியிருப்பின் பின்புறம் மதிலுக்கும் பழைய நீர்த்தொட்டிக்கும் இடையே ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. அதில் எருக்கும் வேறு சில காட்டுச் செடிகளும் ஆளுயரம் வளர்ந்திருந்தன. 2021 ஆம் ஆண்டு மழைக்காலத்தில், பாம்பு வரும், கொசு சேரும், பார்வைக்கும் நன்றாயில்லை என்று கூறி, அந்த இடத்தைத் துப்புரவு செய்யக் கோரி ஒரு விண்ணப்பம் அனுப்பக் குடியிருப்போர் தீர்மானித்தார்கள். நல்ல நடையில் எழுதக்கூடியவர் என்று அந்த வேலையை என்னிடம் ஒப்படைத்தார்கள். நானும் எழுதினேன். நயமாகவே எழுதினேன் என்று நினைக்கிறேன். ஏனெனில், பத்தே நாட்களில் ஆட்கள் வந்து வேரோடு பெயர்த்துச் சென்றார்கள். அன்று மாலை எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

அதற்குச் சில நாட்களுக்குப் பின், நான்காம் வகுப்பில் படித்துவந்த என் மகளின் நோட்டுப் புத்தகம் ஒன்று கண்ணிற்பட்டது. பள்ளிக்கூட நோட்டு அன்று. அந்த எருக்கஞ்செடிகளில் அவள் கண்ட புழுக்களின் கணக்கு அது. "ஜூலை 12: புழு 4, கூடு 1. ஜூலை 19: புழு 7, கூடு 2. ஜூலை 26: புழு 6, கூடு 3, ஒரு கூடு காலி." இப்படியே இரண்டு பக்கங்கள். கடைசியாக, "ஆகஸ்டு 9: செடி இல்லை" என்றிருந்தது. அதன் பின் அவள் எதுவும் எழுதவில்லை. என்னிடமும் எதுவும் சொல்லவில்லை. விண்ணப்பம் எழுதியவர் யார் என்பது அவளுக்குத் தெரியும்.

நேயர்களே, அந்த நோட்டைப் படித்த பின்னரே எருக்கஞ்செடியில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினேன். நான் அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வெந்தய நிறச் சிறகும் கறுப்பு ஓரமும், அந்த ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகளும் கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தமிழில் அதற்கு வெந்தய வரியன் என்று பெயர். அது பல செடிகளிலும் தேன் பருகும். ஆனால் எல்லாச் செடிகளிலும் முட்டையிடாது. எருக்கும் அதன் இனத்தைச் சேர்ந்த பால்வடியும் செடிகளுமே அதன் குஞ்சுகளுக்கு உணவு. இலையின் அடிப்புறத்தில் ஒவ்வொன்றாக முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு, கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வளையல் அடுக்கியது போன்றிருக்கும். எருக்கம்பால் நச்சுடையதன்றோ? ஒட்டிக்கொள்ளும் பசையும் அதில் உண்டு. ஆகையால் இப்புழு முதலில் இலையின் நரம்பைக் கடித்துப் பால் வரும் வழியை அடைத்துவிட்டு, அதன் பிறகே இலையைத் தின்னத் தொடங்குகிறது. தின்ற இலையின் நஞ்சைத் தன் உடலில் சேமித்து வைத்துக்கொள்கிறது. அதைக் கொத்திய பறவை உமிழ்ந்துவிடும். மறுமுறை அந்த வரிகளைக் கண்டாலே விலகிப்போகும். கூடு கட்டிக்கொண்ட பின் அதன்மேல் பொன்புள்ளிகள் மின்னும். வெப்பமான காலத்தில் முட்டை சிறகு பெற்றுப் பறப்பதற்கு மூன்று, நான்கு வாரங்களே போதும்.

அது மட்டுமன்று. மஞ்சளும் நீலமுமான கோடுகள் கொண்ட எருக்கு வெட்டுக்கிளி அந்த இலைகளில் வாழ்கிறது. மஞ்சள் நிறமான சிறிய அசுவினிகள் தளிரில் மொய்க்கின்றன. அவற்றைத் தின்னப் பொறிவண்டுகள் வருகின்றன. எருக்கம்பூவின் மகரந்தம் பொடியாக உதிர்வதில்லை. சிறு பைகளில் கட்டியாக இருக்கிறது. அதை இழுத்துச் செல்ல வலிமையுள்ள பூச்சி வேண்டும். மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருந்தேனீ அந்தப் பணியைச் செய்கிறது. நான் "புதர்" என்று ஒரே சொல்லால் எழுதி அகற்றச் சொன்னது, இத்தனை குடிகள் வாழ்ந்த ஓர் ஊர்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் தில்லியில் வண்ணத்துப்பூச்சிகளைக் கணக்கெடுக்கும் ஒரு சிறு குழுவினர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கல்லூரி மாணவர்கள் சிலர், வங்கி அலுவலர் ஒருவர் என்று பலதரப்பட்டவர்கள். 2020 முதல் செப்டம்பர் மாதத்தை நாடெங்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்குரிய மாதமாகக் கொண்டு கணக்கெடுக்கிறார்கள். 2022 செப்டம்பரில் நானும் என் மகளும் இவர்களோடு நடந்தோம்.

அவர்கள் கையாளும் முறை எளியது, ஆனால் கண்டிப்பானது. இங்கிலாந்தில் பொல்லார்டு என்னும் அறிஞர் வகுத்த இந்த முறையைக் கொண்டு அந்நாட்டில் 1976 முதல் இடைவிடாது கணக்கெடுத்து வருகிறார்கள். ஒரு பாதையை முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும். பிறகு அதே பாதையில், ஏறத்தாழ அதே நேரத்தில், அதே வேகத்தில் நடக்க வேண்டும். இருபுறமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர் என்ற எல்லைக்குள் தென்படுவதை மட்டும் எழுத வேண்டும். அழகான வண்ணத்துப்பூச்சி ஒன்று எல்லைக்கு வெளியே பறந்தால் அதை எழுதலாகாது. எதுவும் தென்படவில்லையானால், "இல்லை" என்று எழுத வேண்டும். அந்த ஆசிரியர் என் மகளிடம், "அம்மா, இல்லை என்று எழுதுவதுதான் கஷ்டம்; ஆனால் அதுவே முக்கியம். இல்லை என்று எழுதாதவன் கணக்கை யாரும் நம்பமாட்டார்கள்" என்றார். நான் மறுபுறம் திரும்பிக்கொண்டேன்.

தில்லியில் ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி ஒரு மேட்டுநிலமாக வந்து முடிகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புதிய தலைநகரம் எழும்பியபோது, அந்த மேட்டைப் பசுமையாக்க வேண்டுமென்று ஆங்கிலேயர் அயல்நாட்டு மரம் ஒன்றைக் கொணர்ந்து பரப்பினார்கள். வடநாட்டில் அதை விலாயதி கீக்கர் என்பார்கள். நமக்கு அது சீமைக் கருவேல். இராமநாதபுரத்தாருக்கும் விருதுநகரத்தாருக்கும் அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மேடு பசுமையாயிற்று. ஆனால் அதன் கீழே நாட்டுச் செடிகள் தழைக்கவில்லை. செடியில்லாத இடத்தில் அவற்றை நம்பிய பூச்சிகளும் இல்லை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது காடு; வண்ணத்துப்பூச்சிக்கு அது பாலை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், கனிப்பொருள் தோண்டிக் குழிகளாகக் கிடந்த ஒரு பகுதியைத் தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லிப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து ஆரவல்லி உயிரினப் பூங்காவாக மாற்ற முற்பட்டனர். நாட்டு மரங்களையும் புல்லையும் கொடியையும் நட்டு, ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சிக்கும் உரிய உணவுச் செடியையும் தேடிக் கொணர்ந்து வைத்தார்கள். பூச்சிகளை எவரும் பிடித்து வந்து விடவில்லை. செடி வந்தது; அவை தாமே வந்தன.

இங்கிருந்து நான் ஆமைக்கு வருகிறேன். எங்கள் குழுவைச் சேர்ந்த மாணவர் ஒருவர் கோடை விடுமுறைகளில் சம்பல் ஆற்றுக்குச் சென்று ஆமைக்கூடுகளைக் கணக்கெடுப்பவர். "புழுவை எண்ணியது போதும் ஐயா, ஒருமுறை முட்டையை எண்ண வாருங்கள்" என்று அவர் அழைத்தார்.

புறப்படுமுன் நான் தேசிய அருங்காட்சியகத்திற்குச் சென்று ஒரு சிலையைப் பார்த்து வந்தேன். அகிச்சத்திரம் என்னும் பழைய நகரில் கிடைத்த, குப்தர் காலத்துச் சுடுமண் சிலைகள் இரண்டு அங்கே உள்ளன. ஒன்று கங்கை, மகரத்தின்மேல் நிற்கிறாள். மற்றொன்று யமுனை, ஆமையின்மேல் நிற்கிறாள். ஆளுயரச் சிலைகள். வடநாட்டுப் பழங்கோயில்களின் வாயில்களில் இவ்விரு தேவியரும் இருபுறமும் நிற்பது மரபு. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நாம் சொல்ல, ஆமையின்மேல் நின்றால்தான் ஆறு உருப்படும் என்று இந்தச் சிற்பிகள் சொல்லியிருக்கிறார்கள். அந்த யமுனை இன்று தில்லிக்குள் வஜீராபாத் முதல் ஓக்லா வரை 22 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆற்றின் மொத்த நீளத்தில் அது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. எனினும் ஆற்றின் மாசில் மிகப் பெரும்பகுதி அந்தத் துண்டில்தான் சேர்கிறது. ஆமை அங்கே எப்படி நிற்கும்?

யமுனையின் பழைய தன்மையை ஓரளவு காண வேண்டுமானால் அதன் கிளையாறான சம்பலுக்குத்தான் செல்லவேண்டும். விந்திய மலையில் மௌ நகரத்தருகே தோன்றி, சுமார் 960 கிலோமீட்டர் ஓடி, உத்தரப்பிரதேசத்து எட்டாவா மாவட்டத்தில் யமுனையோடு கலக்கிறது அந்த ஆறு. சபிக்கப்பட்ட ஆறு என்று பழங்கதை உண்டு. ஆதலால் அதன் கரையில் பெருந்தலங்களோ பெருநகரங்களோ மிகுதியாக எழவில்லை என்பர். கரையை அரித்துச் செல்லும் மண்பள்ளங்களில் கொள்ளைக்காரர் ஒளிந்திருந்த காலமும் உண்டு. சாபமும் அச்சமும் சேர்ந்து அந்த ஆற்றைக் காத்தன. 1979-இல் மத்தியப்பிரதேசம், உத்தரப்பிரதேசம், இராஜஸ்தான் ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரவிய தேசிய சம்பல் சரணாலயம் அமைந்தது. நீண்ட மூக்குடைய கரியால் முதலையும் ஆற்று ஓங்கிலும் அங்கே வாழ்கின்றன. அவற்றோடு வாழ்வதுதான் நான் காணச் சென்ற ஆமை.

அதன் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் தலையில் செந்நிறம் பூண்டு, கழுத்தில் சிவப்பும் மஞ்சளுமான நெடுங்கோடுகளோடு விளங்கும். இந்தியில் அதைச் செந்திலகம் அணிந்த ஆமை என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். ஆகவே நானும் செந்திலக ஆமை என்றே சொல்கிறேன். பெண் ஆமை ஆணைவிடப் பெரிது. அரை மீட்டர் நீளத்திற்கும் மேல் வளரும். ஒரு காலத்தில் கங்கைச் சமவெளியெங்கும், வங்கம் வரையிலும், இது பரவியிருந்தது. இன்று நிலையாக இனம் பெருக்கி வாழும் இடமாக எஞ்சியிருப்பது பெரும்பாலும் சம்பலே. உலகில் மிக அருகிவிட்ட ஆமைகளுள் இதுவும் ஒன்று. நம் நாட்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இதற்கு இடமுண்டு. 2022-இல் பனாமாவில் கூடிய சர்வதேச வாணிப உடன்படிக்கை மாநாட்டில், இந்தியாவின் கோரிக்கையின் பேரில், இதனை வாணிபத்திற்கு முற்றும் தடைசெய்யப்பட்ட உயிர்களின் வரிசையில் சேர்த்தார்கள்.

2023 மார்ச் மாதக் கடைசியில் இரண்டு நாள் விடுப்பில் சென்றேன். அதிகாலை இருள் பிரியுமுன்பே ஆற்றிடை மணல்திட்டில் நடக்கத் தொடங்கினோம். எங்களுக்கு முன்னால் நடந்தவர் அந்தக் கரையிலேயே பிறந்த ஒரு முதியவர். இளமையில் வலை வீசி ஆமை பிடித்தவர். இப்பொழுது கூடுகளைக் காக்கும் காவலர். இரவில் கரையேறிய ஆமையின் கால்தடம், வண்டிச்சக்கரம் போன இடம்போல் நீரிலிருந்து மேடு வரை சென்று திரும்பியிருந்தது. ஓரிடத்தில் முதியவர் உட்கார்ந்து, கையிலிருந்த மெல்லிய குச்சியை மணலில் மெதுவாகச் செலுத்தினார். கெட்டியான மணலில் குச்சி நின்றது. ஒரு சாண் தள்ளிச் செலுத்தினார்; இறங்கிவிட்டது. "இங்கேதான், பாபுஜி" என்றார்.

கையாலேயே மணலை விலக்கினார். வெள்ளை முட்டைகள் நீள்வடிவில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஒவ்வொன்றையும் எடுக்குமுன் அதன் மேற்புறத்தில் பென்சிலால் ஒரு கோடு இட்டார்கள். காரணம் கேட்டேன். பறவை முட்டையைத் தாய் புரட்டிக்கொடுக்கும். ஆமை முட்டையைப் புரட்டலாகாது. இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறத்து மேல்பாகத்தில் ஒட்டிக்கொள்கிறது. தலைகீழானால் கரு இறந்துபோகும். ஆகவே எடுத்த நிலையிலேயே வாளிமணலில் வைத்து, கொண்டுபோய், அதே ஆழத்தில் அதே நிலையில் புதைக்க வேண்டும். அன்று அந்தக் கூட்டில் 18 முட்டைகள். முதியவர் எண்ணினார், மாணவர் எழுதினார், பிறகு மாணவர் எண்ணினார், முதியவர் தலையசைத்தார். நாள், திட்டு, கூட்டின் ஆழம், நீர்க்கரையிலிருந்து தூரம் எல்லாம் ஏட்டில் ஏறின.

வெள்ளம் எட்டாத மேட்டில், வேலியிட்ட ஒரு மணற்பரப்பில் கூடுகளை வரிசையாகப் புதைத்து எண் குறித்திருந்தார்கள். நரியும் காட்டுப்பன்றியும் உள்ளே நுழையாமல் இரவெல்லாம் காவல். குஞ்சு பொரிய இரண்டு மாதத்திற்கும் மேலாகும். மே, ஜூன் மாதங்களில், மழைவெள்ளம் வருமுன் குஞ்சுகள் வெளிவந்து ஆற்றை அடைய வேண்டும். பல ஆமை இனங்களில், குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் மணலின் வெப்பத்தைப் பொறுத்தது என்பதால், நிழலும் வெயிலும்கூடக் கவனிக்க வேண்டியவை.

"பாபுஜி, அந்தக் காலத்தில் நான் பிடித்த கணக்கை எழுதி வைத்ததில்லை, இப்பொழுது காக்கிற கணக்கை ஒரு முட்டை தவறாமல் எழுதுகிறோம்" என்றார் அந்த முதியவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பருவத்தில் எந்தத் திட்டில் எத்தனை கூடு என்பதை ஏட்டைப் பாராமலே சொன்னார்.

முட்டையைக் காத்துவிட்டால் மட்டும் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. ஆமை நீரில் வாழ்ந்தாலும் நுரையீரலால் மூச்சுவிடுவது. மீன்வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூழ்கி இறந்துவிடும். திட்டிலிருந்து திருட்டுத்தனமாக மணல் அள்ளினால், முட்டையிட வந்த ஆமைக்கு இடமில்லை. கோடையில் அதே திட்டுகளில் தர்ப்பூசணியும் வெள்ளரியும் பயிரிடுகிறார்கள். அது ஏழைகளின் பிழைப்பு. அவர்களைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. மேலே காந்திசாகர் முதலிய அணைகளில் தேங்கும் நீரும் திறக்கும் நீரும் ஆற்றின் போக்கை மாற்றிவிட்டன. மேலும், ஆமை முட்டையிடும் பருவத்தை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். நூறு குஞ்சுகளை ஆற்றில் விட்டோம் என்பது நற்செய்திதான். ஆனால் முதிர்ந்த ஒரு தாய் ஆமை வலையில் மாண்டால் அந்த நூறும் அதை எளிதில் ஈடுசெய்யா.

விடுவது வேறு, நிலைப்பது வேறு என்பதற்குக் காசியே சான்று. 1986-இல் கங்கையைத் தூய்மைப்படுத்தும் திட்டம் தொடங்கியபோது, ஆற்றில் விடப்படும் பிணங்களின் எச்சத்தை ஆமைகள் தின்றுவிடும் என்று கருதினார்கள். சம்பல் முதலிய இடங்களிலிருந்து முட்டைகளைக் கொணர்ந்து சாரநாத்தில் பொரிக்கவைத்து, ஆயிரக்கணக்கான ஆமைகளைக் கங்கையில் விட்டார்கள். 1989-இல் இராம்நகர்க் கோட்டைக்கும் மாளவியா பாலத்திற்கும் இடைப்பட்ட 7 கிலோமீட்டர் ஆற்றுப்பகுதி ஆமைச் சரணாலயமாயிற்று. நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் விட்ட கணக்குப் பெரிதாயிருந்தது. நிலைத்த கணக்கு எளிதில் அகப்படவில்லை. 2020-இல் அந்தச் சரணாலயத்தின் அறிவிப்பே நீக்கப்பட்டது. விட்ட நாளில் கைதட்டப் பலர் வருவார்கள்; பத்தாண்டுக்குப் பின் அதே கரையில் நின்று எண்ணச் சிலரே வேண்டும். ஆனால் அந்தச் சிலர் இல்லாமற்போனால் முதல்நாள் கைதட்டலுக்குப் பொருளில்லை.

பூச்சியும் ஆமையும் நமக்கு இரண்டு வகையான பாடம் கற்பிக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. பூச்சியின் வாழ்நாள் வாரக் கணக்கு. இன்று செடியை வெட்டினால் அடுத்த மாதமே அது இல்லை. இன்று செடியை நட்டால் ஓரிரு பருவங்களில் திரும்பி வந்தாலும் வரும். ஆமையின் வாழ்வோ பல பத்தாண்டுக் கணக்கு. இன்று செய்த தீங்கு நாளைக்குத் தெரியாது. இன்று செய்த நன்மையும் நம் வேலைக்காலத்திற்குள் தெரியாது. முன்னது நம் அன்றாட ஒழுக்கத்தைச் சோதிக்கிறது. பின்னது நம் பொறுமையைச் சோதிக்கிறது.

இன்னும் ஒன்று. உயிர்களின்மேல் அன்பு இருந்தால் போதும் என்று எண்ணிவிடலாகாது. எது இந்த மண்ணுக்குரியது என்னும் அறிவும் வேண்டும். நகரங்களில் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பதற்கென்று, காதோரம் சிவப்புப் பட்டை கொண்ட சிறு ஆமைகளை விற்கிறார்கள். அது அமெரிக்க நாட்டு ஆமை. வளர்ந்து பெரிதான பின், பாவம் என்று கருதி, கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டுவிடுகிறார்கள். விட்டவர் புண்ணியம் செய்ததாக நினைக்கிறார். ஆனால் அது நம் நாட்டு ஆமைகளின் உணவுக்கும் இடத்திற்கும் போட்டியாய் வந்து சேர்கிறது. மேட்டில் சீமைக் கருவேலை நட்டவரும் பசுமையை விரும்பியே நட்டார்.

எங்கள் குடியிருப்பின் நிலத்துண்டுக்குத் திரும்புகிறேன். 2022 கோடையில், சாலையோரத்தில் வெடித்த எருக்கங்காயிலிருந்து பஞ்சோடு பறந்த விதைகளைப் பிடித்து, என் மகளும் நானும் மதிலோரத்தில் ஊன்றினோம். முன்பு விண்ணப்பம் எழுதியவனே இப்பொழுது வீடு வீடாகச் சென்று, அந்த மூலையை மட்டும் விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. கீழ்வீட்டில் திருநெல்வேலியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். "என்ன தம்பி, குடியிருக்கிற இடத்தில் யாராவது எருக்கை முளைக்க வைப்பார்களா?" என்று அவர் வருத்தத்துடன் கேட்டார். நான் வாதாடவில்லை. பிள்ளையாருக்கு மாலை தொடுக்கப் பூ வேண்டாமா அம்மா என்றேன். அவர் சற்று யோசித்து, "அப்படியானால் இருக்கட்டும்" என்றார். இப்பொழுது பூப்பறிக்கச் செல்லும்போது, புழு இருக்கும் கிளையைத் தொடாமல் விட்டு வருகிறவரும் அவரே.

முதல் ஆண்டு என் மகளின் நோட்டில் "இல்லை" என்றே வாரந்தோறும் இருந்தது. அவள் அதை விடாமல் எழுதினாள். 2023 செப்டம்பர் 17 அன்று, "புழு 1" என்று எழுதினாள்.

அது பெரிய வெற்றி என்று நான் கூறவரவில்லை. ஒரு புழு ஒரு புழுதான். அந்தத் துண்டு நிலத்தில் நாளைக்கு யாரேனும் வாகனம் நிறுத்த இடம் கேட்கலாம். இன்னொரு நல்ல நடைக்காரர் விண்ணப்பமும் எழுதலாம். ஆனால் இப்பொழுது எங்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. அங்கே ஒன்றுமில்லை என்று இனி எவரும் எழுத முடியாது.

நேயர்களே, உங்கள் வீட்டருகே ஏரியோ, குளமோ, ஒரு வேலியோரமோ இருக்கும். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், கால்மணிப்பொழுது அங்கே நடந்து, கண்டதை எழுதி வையுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறத்தை எழுதுங்கள். ஒன்றும் காணவில்லையானால், "இல்லை" என்றே எழுதுங்கள். குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்களுடைய கணக்கு நம்முடையதைவிடச் சரியாக இருக்கும்.

ஆமை புகுந்த வீடு என்னும் பழமொழியில் வருவது பிராணியைக் குறிக்கும் ஆமை அன்று, பொறாமை, இயலாமை, அறியாமை என்பவற்றின் ஈற்றில் நிற்கும் ஆமையே என்று விளக்கம் கூறுவாரும் உண்டு. அது மொழிவல்லார் ஆராய வேண்டியது. என் அளவில், என் வீட்டிற்குள் நெடுநாள் புகுந்திருந்தது அறியாமையே என்பதை மட்டும் ஒப்புக்கொண்டு முடிக்கிறேன்.